பள்ளிக்கூட மனைக்கு யார் காவல்?

பெங்களூரு அல்சூரில் ஒரு பழைய பள்ளி அறக்கட்டளைக்கு நிலம் இருக்கிறது. 1905லும் 1929லும் கிரயப் பத்திரம் எழுதி வாங்கிய நிலம். 2018 ஏப்ரல் 10 என்று தேதியிட்ட விற்பனை ஒப்பந்தம் ஒன்றைக் காட்டி, இதை வாங்க முன்பணம் கொடுத்துவிட்டோம் என்று இருவர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பேசிய விலை 9 கோடி ரூபாய். முன்பணம் 75 லட்சம், அதுவும் ரொக்கமாக. ஒப்பந்தத்தை எழுதிக் கொடுத்தது பள்ளி அல்ல, வேறு யாரோ. அந்த வேறு யாரோவை வழக்கில் சேர்க்கவும் இல்லை. தன் அனுபவத்தில் இருக்கும் சொந்த நிலத்தைப் பள்ளி யாருக்கும் கைமாற்றக் கூடாது என்று பள்ளிக்கே தடை கேட்டார்கள்.

முதல் வாசிப்பிலேயே தூக்கி எறிய வேண்டிய பிராது என்றுதான் தோன்றும். ஆனால் விசாரணை நீதிமன்றம் அப்படிச் செய்யவில்லை. கர்நாடக உயர் நீதிமன்றமும் தலையிட மறுத்தது. உச்ச நீதிமன்றம் வரை நடந்து, 2025 ஏப்ரல் 16 அன்றுதான் பள்ளிக்கு விடுதலை கிடைத்தது.

அந்தப் பள்ளி ஆர்.பி.ஏ.என்.எம். பெங்களூருத் தமிழர்களுக்கு அறிமுகம் தேவையில்லாத பெயர். ராய் பகதூர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் என்பதன் சுருக்கம். வறிய குடும்பத்தில் பிறந்து, பெங்களூருக்கு வந்து வியாபாரத்திலும் கட்டட ஒப்பந்தத் தொழிலிலும் உயர்ந்தவர் அவர். இன்று உயர் நீதிமன்றமாக இருக்கும் செந்நிற அட்டாரா கச்சேரியை 1864க்கும் 1868க்கும் இடையில் கட்டிக் கொடுத்தவர். ஏழைப் பிள்ளைகளுக்காக 1873ல் இலவசப் பள்ளி தொடங்கினார். அவர் நிறுவிய அறக்கட்டளையின் நிலத்தைத்தான், அவர் கட்டிய கட்டடத்தில் நடக்கும் நீதிமன்றமும் முதல் கட்டத்தில் காப்பாற்றிக் கொடுக்கவில்லை.

அல்சூர் கதை அதே பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டிக்காரர்களுக்கு எதற்கு? நிலத்தின் விலைதான் காரணம். கோணப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் என்ற இரண்டு கிராமங்களின் 332 ஏக்கரில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1970களின் பிற்பகுதியில் போட்ட தொழிற்பேட்டைதான் எலெக்ட்ரானிக் சிட்டி. 2010ல் மேம்பாலச் சாலை வந்தது. 2025 ஆகஸ்ட் 10ல் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை மஞ்சள் தட மெட்ரோ திறந்துவைக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் நிலத்தின் மதிப்பு ஏறியது. ஆனால் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே இருப்பவை இன்னமும் பழைய ஊர்கள்தான். ஊர்க் கோயில், அரசமர மேடை, ஓட்டுக்கூரை போட்ட ஆரம்பப் பள்ளி எல்லாம் அங்கேயே இருக்கின்றன. பக்கத்தில் பேகூரில், பெங்களூரு என்ற ஊர்ப் பெயரைச் சொல்லும் ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்காலக் கல்வெட்டு இருக்கிறது. பெங்களூருக்கு வயது கேட்டால் அங்கிருந்துதான் எண்ணத் தொடங்க வேண்டும்.

பழைய பள்ளிக்கூடம் என்றதும் தூணும் வளைவும் தேக்கு உத்திரமும்தான் நினைவுக்கு வரும். இந்த நகரத்தில் அதைவிட முன்னால் பார்க்க வேண்டியது காகிதம். கட்டடம் எவ்வளவு அழகாக இருந்தாலும், மனை யார் பேரில் என்பது தெளிவாக இல்லாவிட்டால் ஒரு மழைக்காலத்துக்குள் அது 30க்கு 40 சைட்டுகளாகப் பிரிந்துவிடும்.

அந்தக் காலத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர் பள்ளிக்கென்று கால் ஏக்கரைக் கைகாட்டிவிட்டுப் போயிருப்பார். பத்திரம் இருக்காது. அசையாச் சொத்தைத் தானம் கொடுத்தால் பதிவு செய்த தானப் பத்திரம் வேண்டும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 123ஆம் பிரிவு. வாய்ச்சொல் போதாது. தாத்தா கொடுத்ததைப் பேரன் கேட்டு வரும் வழக்குகளின் வேர் இதுதான். இத்தனை வருடம் பள்ளி இருந்ததே, அனுபவ பாத்தியதை இல்லையா என்று கேட்கலாம். தனியாருக்கு அது ஓரளவு துணை வரும். அரசுக்கு வராது. குடிமக்களின் நிலத்தை அனுபவ பாத்தியதை சொல்லி அரசு எடுத்துக்கொள்ள முடியாது என்று இமாசலப் பிரதேச வழக்கொன்றில் 2020ல் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொல்லிவிட்டது. ஆக, பத்திரமில்லாத மனையில் நிற்கும் அரசுப் பள்ளிதான் இருப்பதிலேயே பலவீனமானது.

ஆர்.பி.ஏ.என்.எம். பிழைத்தது எதனால்? 1905 பத்திரமும் 1929 பத்திரமும் அதன் கையில் இருந்தன. அந்தப் பலத்தில்தான், இந்த வழக்கு நிற்கவே தகுதியற்றது, பிராதையே நிராகரியுங்கள் என்று சிவில் நடைமுறைச் சட்டம் 7ஆம் ஆணை 11ஆம் விதியின் கீழ் கேட்க முடிந்தது. நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு அதை ஏற்றது. விற்பனை ஒப்பந்தம் என்பது பின்னால் கிரயம் செய்கிறேன் என்ற வாக்குறுதி மட்டுமே, அதனால் நிலத்தில் எந்த உரிமையும் பிறக்காது என்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் 54ஆம் பிரிவிலேயே இருக்கிறது. உனக்கு எழுதிக் கொடுத்தவனிடம் போய்க் கேள், நிலத்தில் இருக்கும் மூன்றாம் ஆளை இழுக்காதே என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பு அத்துடன் நிற்கவில்லை. 75 லட்சம் ரொக்கமா என்று நீதிபதிகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டத்தின் 269எஸ்டி பிரிவு 2017 ஏப்ரல் முதல் தடை செய்தது. மீறினால் வாங்கியவருக்கு அதே தொகை அபராதம். இனி இப்படி ரொக்கக் கணக்கு சொல்லும் வழக்கு வந்தால் நீதிமன்றமும், பத்திரம் வந்தால் சார்பதிவாளரும் வருமான வரித்துறைக்குத் தகவல் சொல்லியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சொல்லத் தவறும் பதிவு அதிகாரி மீது ஒழுங்கு நடவடிக்கைக்காக மாநிலத் தலைமைச் செயலாளர் வரை விஷயம் போகும். பள்ளி மனையைக் குறிவைக்கும் ரொக்க ஒப்பந்தங்களுக்கு இதைவிடப் பெரிய கடிவாளம் அண்மையில் வந்ததில்லை. சைட் வாங்கத் துடிக்கும் ஐடி ஊழியருக்கும் இதில் பாடம் உண்டு. அக்ரிமெண்ட் கையில் இருக்கிறது, ஜிபிஏ என்ற பவர் பத்திரம் கையில் இருக்கிறது என்று தரகர் சொல்வதெல்லாம் உரிமை ஆகாது. பவர் பத்திரம் வழியாகக் கைமாறும் சொத்துக்கு உரிமை மாற்றம் கிடையாது என்று 2011லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நிலம் நின்றது, சரி. கட்டடம்?

இங்கேதான் சட்டம் மெலிகிறது. மத்தியத் தொல்லியல் துறை காக்கும் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானத் தடை உண்டு. கர்நாடகத்துக்கென்று 1961ஆம் ஆண்டின் சட்டமும் உண்டு. ஆனால் இரண்டுமே அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்கு மட்டும். நூறு வயதுப் பள்ளிக்கூடம் அந்தப் பட்டியலில் இருப்பது அபூர்வம். கர்நாடக நகர ஊரமைப்புச் சட்டத்தில் பாரம்பரியக் கட்டடத்துக்கு விளக்கம் எழுதியிருக்கிறார்கள். ஆனால் விளக்கம் ஒரு சுவரைத் தாங்காது. மும்பை 1995லேயே பாரம்பரியக் கட்டடங்களுக்குத் தனி விதி போட்டு, தரம் பிரித்துப் பட்டியலும் வெளியிட்டது. இன்டாக் போன்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்புகள் தயாரிக்கும் பட்டியல்கள் நல்ல ஆதாரம்தான், ஆனால் அவற்றுக்குத் தாமாகச் சட்ட பலம் கிடையாது. பட்டியலில் பேர் இருக்கிறது என்று நிம்மதியாக உட்கார்ந்தவர்கள் ஏமாந்திருக்கிறார்கள்.

அதனால் கடைசியில் நீதிமன்றமும் தெருவும்தான் காத்தன. அட்டாரா கச்சேரியையே 1980களின் தொடக்கத்தில் இடிக்கப் பார்த்தார்கள். பொதுநல வழக்கு வந்தது, கட்டடம் தப்பியது. சென்னை மவுண்ட் ரோட்டில் 1897ல் கட்டிய பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை எல்.ஐ.சி. 2006ல் இடிக்கத் தொடங்கியபோது இன்டாக் உயர் நீதிமன்றம் போனது. 2010ல் இடிப்புக்குத் தடை விதித்த தீர்ப்பு, பாரம்பரியப் பாதுகாப்புக் குழு அமைக்கவும் சொன்னது. கல்வி நிலையம் என்றால் ராணி மேரி கல்லூரிதான் நேரடி உதாரணம். 1914ல் தொடங்கிய அந்தக் கல்லூரி வளாகத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்ட 2003ல் தமிழக அரசு திட்டமிட்டது. மாணவிகள் வளாகத்தை விட்டு நகரவில்லை. திட்டம் கைவிடப்பட்டது. பத்திரம், பட்டியல் எதையும்விட அந்தப் பெண்களின் பிடிவாதமே அங்கே வேலை செய்தது.

ஆனால் எல்லா இடிப்பையும் சதி என்று பேசுவதும் நேர்மையல்ல. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு தமிழ்நாடு முழுக்கப் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். பிள்ளைகளின் தலைக்கு மேல் இருக்கும் கூரை விஷயத்தில் யாரும் பந்தயம் கட்ட முடியாது. கேட்க வேண்டிய கேள்வி, அபாயம் என்று சொன்னது யார் என்பதே. சுண்ணாம்புக் காரையும் மரக் கட்டையும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரையை, கான்கிரீட் மட்டும் தெரிந்த பொறியாளர் பார்த்தால் இடி என்றுதான் எழுதுவார். பல கட்டடங்களைக் கெடுத்ததே பிற்பாடு பூசிய சிமெண்ட்தான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் பூச்சு அதை உள்ளேயே அடைத்து, செங்கல்லை உதிர வைக்கும். பழங்கட்டட அனுபவம் உள்ள பொறியாளரிடம் இரண்டாவது அறிக்கை கேட்பது பெற்றோரின் உரிமை. அதுவரை வகுப்பை வேறிடம் மாற்றிக்கொள்ளலாம்.

பள்ளி நடக்காமல் போன கட்டடத்தை என்ன செய்வது என்பதற்கும் அதே ஆர்.பி.ஏ.என்.எம்.மிடம் ஒரு விடை இருக்கிறது. காமராஜ் சாலையில் பாழடைந்து கிடந்த அதன் பழைய பள்ளிக் கட்டடம், நகர விவகாரங்களில் நன்கு அறியப்பட்ட வி. ரவிச்சந்தரின் முயற்சியில் பழுது பார்க்கப்பட்டு, இன்று ‘சபா’ என்ற பண்பாட்டு மையமாக நிகழ்ச்சிகள் நடத்துகிறது. இடித்துவிட்டு வணிக வளாகம் எழுப்பியிருந்தால் வாடகை கூட வந்திருக்கலாம். அந்தக் கணக்கைப் போடாத அறக்கட்டளைகள் அதிகமில்லை.

இனி ஊரில் ஒரு பள்ளி மனை மேல் கண் விழுந்திருக்கிறது என்று சந்தேகம் வந்தால் என்ன செய்வது? வழக்கறிஞரைத் தேடி ஓடும் முன்பே ஆகக்கூடிய வேலைகள் உண்டு. காவேரி இணையதளத்தில் வில்லங்கச் சான்றும் பூமி தளத்தில் பஹானி என்னும் நிலப் பதிவும் எடுக்கலாம். கத்தா என்னும் சொத்துக் கணக்கு யார் பேரில் என்று உள்ளாட்சி அலுவலகத்தில் பார்க்கலாம். பள்ளியின் நிலப் பதிவேடு, சர்வே வரைபடம், கட்டட அறிக்கை ஆகியவற்றின் நகல் கேட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு. இந்த மனுவே சில சமயம் அலுவலகத்தில் தூசி படிந்த கோப்பை எழுப்பிவிடும்.

அரசுப் பள்ளியானால் எஸ்.டி.எம்.சி. என்னும் பள்ளி வளர்ச்சி மேற்பார்வைக் குழுதான் முதல் ஆயுதம். அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை. கூட்டத்தில் தீர்மானம் போட்டு, மனையை அளந்து, பள்ளியின் பேரில் ஆவணம் ஆக்கச் சொல்லி எழுத்தில் கேட்க வேண்டும். நில உரிமையாளரின் வாரிசுகள் இன்னும் நல்லெண்ணத்தோடு இருந்தால் இன்றே தானப் பத்திரத்தைப் பதிந்துவிடுவது புத்திசாலித்தனம். அடுத்த தலைமுறை அப்படி இருக்கும் என்று யார் சொல்வது? அரசு நிலத்தை ஏற்கெனவே வளைத்திருந்தால் 2011ஆம் ஆண்டின் கர்நாடக நில அபகரிப்புத் தடைச் சட்டப்படி தனி நீதிமன்றத்தில் புகார் செய்யலாம்.

அறக்கட்டளைப் பள்ளியில் ஆபத்து பெரும்பாலும் உள்ளிருந்தே வரும். அறங்காவலர்களே மனையை விற்கவோ கூட்டுக் கட்டுமானத்துக்கு விடவோ கிளம்பினால், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு கை கொடுக்கும். பொது அறக்கட்டளையில் அக்கறை உள்ள இரண்டு பேர் சேர்ந்து, நீதிமன்ற அனுமதி பெற்று வழக்குத் தொடரலாம். முன்னாள் மாணவர், பெற்றோர் யாரானாலும் தங்கள் அக்கறை எத்தகையது என்பதைக் காட்ட வேண்டும். கணக்குக் கேட்கலாம், அறங்காவலரை நீக்கக் கேட்கலாம்.

இன்னொரு கதவு எல்லோர் கண்ணிலும் படாமல் திறந்து மூடும். மாஸ்டர் பிளானில் கல்விக்கென்று குறித்த மனையை வணிகத்துக்கோ குடியிருப்புக்கோ மாற்ற, நகர ஊரமைப்புச் சட்டத்தின் 14ஏ பிரிவின் கீழ் நாளிதழில் அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபம் கேட்க வேண்டும். அறிவிப்பு பெரும்பாலும் கன்னட நாளிதழின் உள்பக்கத்தில், சர்வே எண் மட்டும் போட்டு வரும். எலெக்ட்ரானிக் சிட்டியில் தமிழ் பேசும் குடும்பங்கள் எத்தனையோ உண்டு, கன்னடம் படிக்கத் தெரிந்தவர்கள் அவற்றில் குறைவு. தங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் சர்வே எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரிடம் அவ்வப்போது காட்டிக் கேட்டால், கெடு முடிவதற்குள் ஆட்சேப மனுவைக் கொடுத்து முத்திரை குத்திய ரசீதும் வாங்கிவிடலாம்.