மதிலும் பாலமும்

கடற்காற்றுக்குக் கூடாரத்தின்மீது இரக்கமில்லை. சென்ற கோடையில், ருவீட் ஆறு வடகடலோடு கலக்கும் பெரிக் நகரின் எதிர்க்கரை மேட்டில் அதனை நன்கு அறிந்தேன். நான் அறைந்த முளைகள் இரண்டு பிடுங்குண்டன; துணி பாய்மரம்போற் புடைத்தது. அயற்கூடாரத்திலிருந்து முதியவர் ஒருவர் மரச்சுத்தியலுடன் ஓடிவந்தார். அவர் மனைவியார் கயிற்றைப் பற்றிக்கொண்டார். வேலை முடிந்ததும் தேநீர் தந்தனர். பெயர் கேட்குமுன்பே உறவு பிறந்துவிட்டது. வழிப்போக்கர் நட்பு அத்தகையதன்றோ!

அவர் இங்கிலாந்திற் பிறந்தவர். அம்மையார் ஸ்கொட்லாந்து நாட்டவர். எடின்பரோவில் நாற்பது ஆண்டு இல்லறம் நடத்துபவர்கள்.

பெரிக், எல்லைக்கு ஏறக்குறைய 3 மைல் தெற்கே, இங்கிலாந்தினுள் இருக்கின்றது. ஆயினும் அதன் உதைபந்தாட்டக் கழகம் ஸ்கொட்லாந்துப் போட்டிகளிலேயே ஆடுகின்றது. 1296இல் முதலாம் எட்வேட் மன்னன் இந்நகரைச் சூறையாடினான். 1482இல் இறுதியாக இங்கிலாந்தின் வசமாகும்வரை அது பத்துத் தடவைக்குமேல் கைமாறிற்று.

மறுநாட் காலை மூவரும் நகர மதில்மேல் நடந்தோம். 1558இல் தொடங்கிய மதில் அது. பீரங்கிக் குண்டைத் தாங்குமாறு கல்லுக்குப் பின்னே மண் குவித்து அமைத்தது. முதலாம் எலிசபெத் அரசியார் காலத்தில் இதைப்போற் பொருளை விழுங்கிய கட்டடம் வேறில்லை என்பர். ஆனால், 1603இல் ஸ்கொட்லாந்தின் ஜேம்ஸ் மன்னனே இங்கிலாந்துக்கும் அரசனானான். மதிலுக்குப் பகைவன் இல்லாமற் போனான். 1611இல் ஆற்றின் குறுக்கே கற்பாலம் கட்டத் தொடங்கினர். பதினைந்து வளைவுகளுடன் அது இன்றும் நிற்கின்றது.

மதில்மேல் அமர்ந்து அம்மையார் கூறினார்: "2014இல் ஸ்கொட்லாந்து பிரிவதா என்று வாக்கெடுப்பு நடந்ததல்லவா? அங்கே வாழ்பவர் என்றபடியால் இவருக்கும் வாக்கு இருந்தது. நான் பிரிவுக்கு வாக்களித்தேன். இவர் எதிர்த்து வாக்களித்தார். 55க்கு 45 என்று நாங்கள் தோற்றோம். அன்றிரவு வீட்டிற் பேச்சே இல்லை. விடிந்ததும் இவர் வழமைபோல எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார்."

"இப்பொழுது உடன்பாடு ஏற்பட்டுவிட்டதா?" என்றேன்.

"இல்லை," என்றனர் இருவரும் ஒரே குரலில். பின்னர் சிரித்தனர்.

என்னாற் சிரிக்க இயலவில்லை. ஓமந்தைச் சோதனைச் சாவடியிற் பொதியுடன் வரிசையில் நின்றவன் நான். எல்லை என்றதும் என் நெஞ்சில் எழுவது அந்த வரிசையே. அதைச் சொன்னேன். பெரியவர் மறுமொழி கூறவில்லை. என் தோளிற் கைவைத்தார்.

அன்றிரவு, 1850இற் கட்டி முடித்த இருபத்தெட்டு வளைவுப் பாலத்தின்மீது புகையிரதம் ஒன்று ஒளிவரிசையாக வடக்கே சென்றது. எல்லையைக் கடக்க அதனை எவரும் நிறுத்தப் போவதில்லை. ஒரே வீட்டில் இருவர் மாறுபட்டு வாக்களித்துவிட்டு, மறுநாள் ஒன்றாயிருந்து தேநீர் அருந்தலாம். அந்நிலை எய்தவும் இந்நிலத்துக்கு நூற்றாண்டுகள் பல வேண்டியிருந்தன.

காலையில் அவர்கள் கூடாரத்தைச் சுருட்டினர். புறப்படுமுன் பெரியவர் மரச்சுத்தியலை என்னிடமே விட்டுச் சென்றார். இன்னும் அது என்னிடம் இருக்கின்றது.