வீட்டு இணைய இணைப்பாக மாறும் 5ஜி: கருவியைத் தேர்வு செய்யும் முன் அறிய வேண்டியவை

புதுதில்லி: மடிக்கணினியில் செருகிப் பயன்படுத்தும் டேட்டா கார்டுகளின் இடத்தைக் கைப்பேசி ஹாட்ஸ்பாட் வசதி பிடித்துக்கொண்டது. எனினும், 5ஜி வருகையால் மொபைல் பிராட்பேண்ட் கருவிகளுக்கு வீடுகளில் புதிய சந்தை உருவாகியுள்ளது.

இந்தியாவில் 5ஜி சேவை 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி தொடங்கிவைக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே ஏர்டெல், ஜியோ ஆகிய நிறுவனங்கள் ஏர்ஃபைபர் சேவையை அறிமுகப்படுத்தின. இதில், வீட்டில் பொருத்தப்படும் கருவி கோபுரத்திலிருந்து வரும் 5ஜி சமிக்ஞையைப் பெற்று, வைஃபையாக வழங்குகிறது. ஃபைபர் கேபிளை வீடு வரை கொண்டுசெல்ல இயலாத பகுதிகளுக்கு இது மாற்றாக அமைகிறது.

எனினும், இதற்குச் சில வரம்புகள் உண்டு. அதிக வேகம் தரும் 3.5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவர்களைக் கடக்கும்போது வலுவிழக்கிறது. இதனாலேயே பல வீடுகளில் கருவி மொட்டை மாடியில் பொருத்தப்படுகிறது. 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை நெடுந்தொலைவு செல்லும். ஆனால் அதன் தரவுத் திறன் குறைவு. கோபுரத்தின் திறனைக் கைப்பேசிப் பயனாளர்களும் பகிர்ந்துகொள்வதால், நெரிசல் மிகுந்த நேரங்களில் வேகம் குறையக்கூடும்.

தனியாகக் கருவி வாங்குவோர் அதில் '5ஜி' என்ற முத்திரை இருப்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஜியோவின் 5ஜி வலையமைப்பு 4ஜி கட்டமைப்பைச் சாராமல் தனித்து இயங்குகிறது. இவ்வகைத் தொழில்நுட்பத்தை ஏற்காத கருவியில் அந்நிறுவனத்தின் 5ஜி கிடைக்காது.

எனவே கருவி ஏற்கும் தொழில்நுட்பம், அலைவரிசைகள், பொருத்தும் இடத்தில் கிடைக்கும் சமிக்ஞை ஆகிய மூன்றையும் சரிபார்த்த பின்னரே பணம் செலுத்துவது நல்லது.