மலையில் விளைந்த பழம் குக்கரில் மசிகிறது!

"மலையில் விளைந்தாலும் உரலில் மசிய வேண்டும்" என்பது நம் நாட்டுப் பழமொழி. எவ்வளவு உயரத்தில் விளைந்த தானியமானாலும் கடைசியில் உரலுக்கு வந்துதானே ஆக வேண்டும்!

தானியத்தை மசித்தது உரல். பழத்தை மசிக்க இப்போது வேறொரு சாமான் வந்திருக்கிறது. அதுதான் மின்சார பிரஷர் குக்கர்.

மேல்நாட்டுத் தாய்மார்கள் இதில் ஆப்பிளை வேகவைத்து, மசித்து, கூழாக்குகிறார்கள். பல் முளைக்காத குழந்தைக்கும், பல் விழுந்த தாத்தாவுக்கும், காய்ச்சலில் படுத்தவருக்கும் அதைக் கொடுக்கிறார்கள்.

நாமும் செய்யலாமே என்று தோன்றுகிறதா? செய்யலாம். ஆனால் ஆப்பிளுக்குக் கடுங்குளிர் வேண்டும். காஷ்மீரிலும் இமாசலப் பிரதேசத்திலும் விளைந்து, லாரி ஏறி நம் ஊருக்கு வருகிறது. விலையும் அதற்கேற்றபடிதான் இருக்கும்.

நம் மலையில் விளையும் பழத்தை இதே முறையில் கூழாக்கினால் என்ன?

வளப்பூர் நாடு

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது கொல்லிமலை. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மலை மேல் போகலாம்.

மலை மேல் ஊர்களை "நாடு" என்று அழைக்கிறார்கள். மொத்தம் 14 நாடுகள். அவற்றில் ஒன்றுதான் வளப்பூர் நாடு. அறப்பளீசுவரர் கோவில் இருப்பது இங்கேதான். ஆகாய கங்கை அருவியும் பக்கத்திலேயே கொட்டுகிறது.

மிளகு, காப்பி, பலா, வாழை, அன்னாசி எல்லாம் இந்த மலையில் விளைகின்றன. கூழுக்கு ஏற்ற பழம் எது? அன்னாசிதான்! ஏன் என்று பின்னால் சொல்கிறோம்.

அன்னாசி நம் நாட்டில் பிறந்த பழம் அல்ல. அதன் தாயகம் தென் அமெரிக்கா. போர்ச்சுக்கீசியர் அதைக் கப்பலில் இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். "அன்னாசி" என்ற பெயரும் அவர்களோடு வந்ததுதான்.

காத்திருக்காத பழம்

ஆப்பிளைக் குளிர்பதனக் கிடங்கில் மாதக்கணக்கில் வைக்கலாம். அன்னாசி அப்படிக் காத்திருக்காது. செடியிலிருந்து அறுத்த பிறகு அதன் இனிப்பு கூடுவதில்லை. நாளாக நாளாக அழுகத்தான் செய்யும்.

பருவத்தில் பழம் ஒரே சமயத்தில் வந்து குவியும். குவிந்தால் விலை இறங்கும். இறங்கிய விலைக்கும் நல்ல பழம்தான் போகும். ஒரு பக்கம் அடிபட்ட பழத்தை யார் வாங்குவார்கள்? 70 வளைவு இறங்கி அது எந்தச் சந்தைக்குப் போகும்?

ஆண்டு முழுவதும் உழைத்து வளர்த்த பழம் குப்பைக்குப் போகலாமா? அடிபட்ட இடத்தை அகலமாக வெட்டி எறிந்துவிட்டு, மீதியைக் கூழாக்கலாம். பூஞ்சணம் பூத்த பழமும், புளித்த வாடை அடிக்கும் பழமும் மட்டும் கூடாது. அவற்றை எருக்குழியில் போடுங்கள்.

மலையில் ஏன் வேகத் தாமதம்?

சமவெளியில் தண்ணீர் 100 டிகிரி சூட்டில் கொதிக்கிறது. மலை மேல் காற்றின் அழுத்தம் குறைவு. அதனால் அங்கே தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும். 1,200 மீட்டர் உயரத்தில் 96 டிகிரியிலேயே தண்ணீர் கொதிக்கும்.

சீக்கிரம் கொதித்தால் நல்லதுதானே என்று நினைக்காதீர்கள்! கொதிக்கும் தண்ணீரின் சூடே குறைவு. அதனால் பருப்பும் கிழங்கும் வேக அதிக நேரம் பிடிக்கிறது.

இங்கேதான் பிரஷர் குக்கர் கை கொடுக்கிறது. மூடிய பாத்திரத்தில் ஆவி அடைபடுகிறது. அழுத்தம் ஏறுகிறது. உள்ளே சூடு 110 டிகிரியைத் தாண்டுகிறது.

இதை முதலில் கண்டுபிடித்தவர் டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர். 1679-ஆம் ஆண்டு லண்டனில் இதைச் செய்து காட்டினார். கடினமான எலும்பையே அதில் மெதுவாக்கினார்! மின்சாரத்தில் தானாக இயங்கும் குக்கருக்கு 1991-ஆம் ஆண்டு சீனாவில் காப்புரிமை பெறப்பட்டது. இதில் விசில் எண்ண வேண்டியதில்லை. நேரத்தை வைத்தால் போதும். வேலை முடிந்ததும் அதுவே சூட்டைக் குறைத்துக்கொள்ளும்.

மின்சாரச் செலவு பயமுறுத்துமோ? 1,000 வாட் குக்கர் அரை மணி நேரம் முழுச் சூட்டில் ஓடினாலும் அரை யூனிட்தான்.

செய்யும் முறை

நடுத்தர அன்னாசி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். தோலையும் கண்களையும் நீக்கிவிடுங்கள். நடுத்தண்டைத் தனியாக எடுத்துவிடுங்கள். சதையைச் சிறு துண்டுகளாக நறுக்குங்கள்.

குக்கரில் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றித் துண்டுகளைப் போடுங்கள். பாதிப் பாத்திரத்துக்கு மேல் போகக் கூடாது. பழம் நுரைத்துப் பொங்கி ஆவித் துளையை அடைத்துவிடும். வெல்லத்தை இப்போது சேர்க்காதீர்கள். அடி பிடிக்கும்.

மூடியைப் பூட்டி 8 நிமிடம் வையுங்கள். மலை மேல் இருப்பவர்கள் ஒரு நிமிடம் கூட்டிக்கொள்ளலாம். நேரம் முடிந்ததும் ஆவியை உடனே திறந்துவிடக் கூடாது. கால் மணி நேரம் காத்திருந்து, அழுத்தம் முழுவதும் இறங்கிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். கொதிக்கும் பழக்கூழ் மேலே தெறித்தால் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும்.

பிறகு மத்தால் மசியுங்கள். நார் இருந்தால் சல்லடையில் தேய்த்து எடுங்கள். நூறு கிராம் வெல்லத்தூள் சேர்த்து, மூடாமல் கிளறி, கெட்டியானதும் இறக்குங்கள். ஒரு சிட்டிகை மிளகுத்தூள் தூவினால் மணம் தூக்கும்.

பச்சை அன்னாசி நாக்கை அரிக்கும். அதிலுள்ள ஒரு நொதிப்பொருளும் அதற்குக் காரணம். வெந்தால் அதன் வீரியம் போய்விடும். அதனால் கூழ் நாக்குக்கு இதமாக இருக்கும். வைட்டமின் "சி" சிறிது குறையும் என்பதும் உண்மை.

புளிப்பே காவல்

அன்னாசியை ஏன் தேர்ந்தெடுத்தோம்? அதன் புளிப்புக்காக!

காற்றுப் புகாத பாட்டிலுக்குள் வளர்ந்து, கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமி ஒன்று உண்டு. அந்த நோய்க்கு "பாட்டுலிசம்" என்று பெயர். இந்தக் கிருமிக்குப் புளிப்பு ஆகாது. புளிப்பை அளக்க "பி.எச்." என்ற கணக்கு இருக்கிறது. எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். 4.6-க்குக் கீழே அந்தக் கிருமி வளராது. அன்னாசி பெரும்பாலும் நாலுக்குக் கீழே நிற்கும். வாழைப்பழமும் பலாப்பழமும் ஐந்தை ஒட்டி இருக்கும்.

ஆகவே வாழைக் கூழையும் பலாக் கூழையும் அன்றன்றே சாப்பிட்டுவிடுங்கள். அன்னாசிக் கூழைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் வைக்கலாம். பெட்டி இல்லாத வீட்டில் அதையும் அன்றே தீர்த்துவிடுவது நல்லது.

கண்ணாடி, பீங்கான், எவர்சில்வர் பாத்திரங்களில் வையுங்கள். பித்தளையிலும் அலுமினியத்திலும் வைத்தால் புளிப்பு உலோகத்தை அரிக்கும். குக்கரில் வெந்துவிட்டதே என்று பாட்டிலில் அடைத்து மாதக்கணக்கில் வைக்கவும் கூடாது. அந்த வேலைக்கு வீட்டு மின்சார குக்கர் ஏற்றதல்ல.

தாய்மார்கள் கவனத்துக்கு

ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும். அதன் பிறகு ஒரு கரண்டி கூழில் தொடங்கலாம். குழந்தைக்கு எடுக்கும் பங்கில் வெல்லம் வேண்டாம். தேனும் வேண்டாம்! கொல்லிமலைத் தேன் பேர் போனதுதான். ஆனால் நாம் முன்பு சொன்ன அதே கிருமியின் வித்து தேனில் இருக்கலாம். ஒரு வயது நிரம்பும் வரை தேன் தொட்டு வைக்கக் கூடாது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெல்லம் சேர்க்காத கூழையும் அளவாகத்தான் சாப்பிட வேண்டும். பழத்திலேயே சர்க்கரை இருக்கிறது.

குக்கரைக் கழுவும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். அடிப்பாகத்தைத் தண்ணீரில் முக்காதீர்கள். மூடியின் ரப்பர் வளையத்தையும் ஆவித் துளையையும் ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்யுங்கள். மின்சாரம் பாதியில் நின்றுபோனால் மூடியோடு மல்லுக்கட்ட வேண்டாம். அழுத்தம் இறங்கட்டும்.

சந்தைக்குப் போக முடியாத ஒரு பழம். ஒரு தம்ளர் தண்ணீர். அரை யூனிட் மின்சாரம். வீட்டில் உள்ள எல்லாருக்கும் ஆளுக்கொரு கிண்ணம் கூழ் ரெடி!