கையும் கணனியும்: ஒரு நோர்வே ட்ரம்ஸ் கலைஞரின் வழி



எங்கள் இசை நிகழ்ச்சி முடிந்ததும் பெற்றோர் தொலைபேசியில் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஏழு வருசம் மிருதங்கம் படிச்ச பிள்ளை, இப்ப ட்ரம்ஸும் கணனியுமா அறைக்குள்ளேயே இருக்கிறான். படிச்சதெல்லாம் வீணாப் போயிடுமோ?" என்பதே அது. வீடு வளவை விட்டு வந்த எங்களுக்குப் பிள்ளையின் கையில் கொடுக்க மிஞ்சிய சொத்துகளில் தாளமும் ஒன்று. ஆகவே அந்தப் பயம் நியாயமானது. ஆனால் பதில், பிள்ளை கணனியை வைத்து என்ன செய்கிறான் என்பதைப் பொறுத்தது. இதை விளக்க நோர்வேயிலேயே நல்ல உதாரணம் ஒருவர் இருக்கிறார்.

அவர் பெயர் தோமஸ் ஸ்த்ரோனன். 1972இல் பிறந்த ஜாஸ் ட்ரம்ஸ் கலைஞர். 1998இல் இங்கிலாந்து சாக்ஸபோன் கலைஞர் இயன் பல்லமியுடன் சேர்ந்து 'ஃபூட்' என்ற குழுவைத் தொடங்கினார். நால்வராகத் தொடங்கிய குழு பின்னர் இவர்கள் இருவரோடு நின்றது. அப்போதைக்கப்போது விருந்தினர்கள் வந்து சேர்வார்கள். 2012இல் வெளிவந்த 'மேர்க்கியூரியல் பாம்' என்ற இறுவட்டில் நோர்வே ட்ரம்பெட் கலைஞர் நில்ஸ் பெத்தர் மொல்வாருடன், இந்திய ஸ்லைட் கிட்டார் கலைஞர் பிரகாஷ் சொன்டக்கேயும் வாசித்திருக்கிறார். அந்த இறுவட்டில் ஸ்த்ரோனனின் பெயருக்கு நேரே ட்ரம்ஸ், தாளக் கருவிகள், இலத்திரனியல் ஆகிய மூன்றும் குறிக்கப்பட்டுள்ளன. அதாவது தோலைத் தட்டுபவரும் இயந்திரத்தை இயக்குபவரும் ஒருவரே.

இயந்திரத்தை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். முதலாவது எங்களுக்குப் பழக்கமானது. கலியாண மண்டபத்தில் தாளம் ஏற்கெனவே பதிந்து வைக்கப்பட்டிருக்கும். பொத்தானை அழுத்தினால் அது ஓடும், வாசிப்பவர் அதன் பின்னால் ஓடுவார். இதில் இயந்திரம் முன்னால், மனிதர் பின்னால்.

இரண்டாவது விதத்தில் இயந்திரத்துக்குள் முன்கூட்டி எதுவும் இருக்கத் தேவையில்லை. கலைஞர் தட்டுகிறார். பக்கத்தில் உள்ள ஒலிவாங்கி அந்த ஒலியைப் பிடித்து இயந்திரத்துக்கு அனுப்புகிறது. அது அந்தச் சில விநாடி ஒலியை நினைவில் வைத்துத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்யும். அல்லது எதிரொலியாகத் தள்ளிக் கொடுக்கும். அல்லது சுருதியை ஏற்றி இறக்கும். கலைஞர் அதைக் கேட்டு, அதற்கு மேலே கையால் மறுமொழி வாசிக்கிறார். இங்கே மனிதர் முன்னால், இயந்திரம் பின்னால்.

மிருதங்கம் படித்த பிள்ளைக்கு இதைக் கணக்காகவே சொல்லலாம். நிமிடத்துக்கு 80 தட்டு வேகத்தில் ஆதி தாளம் போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டுக்கு 0.75 விநாடி. எட்டுத் தட்டுள்ள ஓர் ஆவர்த்தனத்துக்குச் சரியாக 6 விநாடி. அந்த 6 விநாடியை இயந்திரத்தில் பிடித்தால், சதுஸ்ரத்தில் வாசித்தது சுழன்றுகொண்டே இருக்கும். அதன் மேல் பிள்ளை திஸ்ரத்தில் வாசிக்கலாம். அதே ஒலியைப் பாதி வேகத்தில் ஓடவிட்டால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும், நேரம் 12 விநாடி ஆகும். சின்ன மணியின் ஒலி கோயில் கண்டாமணி போல முழங்கும். ஆனால் முதல் ஆவர்த்தனத்தில் கால் விநாடி பிசகினால், அந்தப் பிசகும் சேர்ந்து சுழலும். கணக்குத் தெரியாத கைக்கு இயந்திரம் எந்தத் தயவும் காட்டாது.

என் தொழிலிலும் இதைத்தான் காண்கிறேன். கூட்டல் கழித்தலைக் கணனி நொடியில் செய்யும். எந்தச் செலவை எந்தக் கணக்கில் பதிவது என்ற முடிவை மனிதர் எடுக்க வேண்டும்.

2015இல் ஸ்த்ரோனன் இரண்டு விதமான இறுவட்டுகளை வெளியிட்டார். 'திஸ் இஸ் நொட் எ மிராக்கிள்' என்பதில், கலைஞர்கள் வாசித்த பதிவுகளைப் பின்னர் அவரே வெட்டி, அடுக்கி, பாடல்களாக உருவாக்கினார். 'டைம் இஸ் எ பிளைன்ட் கைட்' என்பதிலோ பியானோ, வயலின், செலோ, பாஸ், தாளக் கருவிகள் ஆகிய இயற்கை வாத்தியங்கள் மட்டுமே. மின்சாரத்தை நிறுத்தினாலும் அவரிடம் இசை இருந்தது. பெற்றோர் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

ஸ்தவாங்கரில் வளர்ந்தவர் என்று சொல்ல இன்னொரு ட்ரம்ஸ் கலைஞரும் உண்டு. போல் நில்சன்-லவ், 1974இல் பிறந்தவர். பெற்றோர் இந்த நகரில் ஜாஸ் கிளப் நடத்தியவர்கள். அவர் தானே இயந்திரத்தைத் தொடாமல், இலத்திரனியல் ஓசைகளை உருவாக்கும் லாசே மார்ஹௌக் என்பவரோடு நேருக்கு நேர் வாசித்திருக்கிறார். தனி ஆவர்த்தனத்தில் இரண்டு வித்துவான்கள் மாறி மாறி வாசிப்பதைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இது அந்நியமானதல்ல.

புதுக் கருவி வந்ததும் எங்கள் இசை அழிந்துவிடவில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த வயலின் இன்று கர்நாடகக் கச்சேரியின் பக்கவாத்தியம். 1986இல் 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணனி இசையைப் பயன்படுத்தினார். இலத்திரனியல் சுருதிப்பெட்டி இல்லாத மிருதங்க வகுப்பு இன்று அரிது.

ஆகவே பெற்றோருக்குச் சில யோசனைகள். கணனியைப் பறிக்காதீர்கள். வாரத்தில் ஒருநாள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். வாசிக்க முடிந்தால் படித்தது வீணாகவில்லை. முடியாவிட்டால் மிருதங்க ஆசிரியரிடம் மீண்டும் அனுப்ப வேண்டிய நேரம். பொறுப்பாகப் படிக்க விரும்பும் பிள்ளைக்கு இங்கே வழியும் உண்டு. ஒவ்வொரு கொம்மூனும் கலாசாரப் பாடசாலை வசதி தர வேண்டும் என்பது சட்டம். பியர்க்ஸ்தேட்டில் உள்ள ஸ்தவாங்கர் பல்கலைக்கழக இசைப்பிரிவில் ஜாஸ் பட்டப்படிப்பு இருக்கிறது. மே மாதத்தில் மாய்ஜாஸ் விழா நடக்கும்போது பிள்ளையோடு ஒரு கச்சேரிக்குப் போய்வாருங்கள். அங்கே ட்ரம்ஸ் வாசிப்பவரின் கைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். எது கையிலிருந்து வந்தது, எது இயந்திரத்திலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்லப் பிள்ளைக்குத் தெரியும். உங்களுக்கு விளங்காததை அவனிடமே கேளுங்கள். அவன் சந்தோசமாகச் சொல்லித் தருவான்.

உங்கள் பிள்ளைகள் வாசித்த பதிவுகள் இருந்தால் நிலையத்துக்கு அனுப்பிவையுங்கள். வானலையில் சந்திப்போம்.