கீரை அறுப்புச் செய்தியும் 'அனுமதி' பொத்தானும்

காலையில அறுத்த சிறுகீரை மத்தியானத்துக்கு மேல தாங்காது. அதுக்காக வாடிக்கையாளர் நூறு பேருக்கும் போன் போட்டுக்கிட்டு இருக்க முடியுமா? வாட்ஸ்அப் குழுவில போட்டா, காலை வணக்கப் படங்களுக்கு அடியில புதைஞ்சு போகுது. மொத்தமா எஸ்.எம்.எஸ். அனுப்பணும்னா டி.எல்.டி. பதிவு, வாசகத்துக்கு ஒப்புதல், ஒவ்வொரு செய்திக்கும் காசு.

விளைச்சலை நேரடியாக விற்கும் குழு ஒரு இணையதளம் வைத்திருந்தால் இன்னொரு வழி உண்டு. தளத்திலிருந்தே வாங்குபவரின் போன் திரைக்குச் செய்தி அனுப்பலாம். 'புஷ் நோட்டிஃபிகேஷன்' என்பார்கள். அனுப்பக் காசு இல்லை. குரோமில் 2015-லும் ஃபயர்பாக்ஸில் 2016-லும் வந்துவிட்டது. ஐபோனில் 2023-ல்தான் வந்தது. அதுவும் தளத்தை முகப்புத் திரையில் சேர்த்து வைத்தவர்களுக்கு மட்டும்.

வாங்குபவர் சம்மதித்ததும் அவருடைய பிரவுசர் நமக்கு ஒரு முகவரியும் இரண்டு சாவிகளும் தரும். போன் நம்பர், பேர் எதுவும் அதில் இருக்காது. அந்த முகவரி கூகுள், மொசில்லா, ஆப்பிள் போன்றவர்களின் சர்வரில் இருக்கிறது. நம்ம செய்தி அங்கே போய், அங்கிருந்து போனுக்குப் போகும். சாவியால் பூட்டி அனுப்புவதால் நடுவில் இருப்பவர் படிக்க முடியாது. ஒட்டின கவரைத் தபால்காரர் கொண்டுவருகிற மாதிரிதான். ஆனால், யாருக்கு எப்போது போனது என்பது அவருக்குத் தெரியும்.

அனுப்புகிற நமக்கும் ஒரு ரகசியச் சாவி உண்டு. அதைத் தொலைத்தால், சேர்ந்த அத்தனை பேரையும் மறுபடி முதலிலிருந்து சேர்க்கணும். தளம் அமைச்சுக் கொடுத்த தம்பிகிட்ட இன்னைக்கே கேட்டு வாங்கி, குழுவின் கணக்கு நோட்டோடு பத்திரமா வைங்க.

பல தளங்கள் சறுக்குவது அனுமதி கேட்கும் இடத்தில். பக்கம் திறந்த உடனே 'அனுமதிக்கவா?' என்று கட்டம் குதிக்கிறது. யார், எதுக்குன்னே தெரியாம மக்கள் 'தடு' என்று அழுத்திடுறாங்க. ஒருமுறை தடுத்துட்டா, நம்ம தளம் மறுபடி கேட்கவே முடியாது. அவரே செட்டிங்ஸில் போய் மாற்றினால்தான் உண்டு. இந்தத் தொல்லையால்தான், ஆள் எதையாவது தொட்ட பிறகே கேட்கலாம் என்று ஃபயர்பாக்ஸ் 2020-ல் கட்டுப்பாடு போட்டது. அதனால் முதலில் நம்ம பொத்தான் ஒன்று வைப்போம்: 'கீரை அறுக்கிற அன்னிக்கு மட்டும் சொல்லட்டுமா?' அதை அழுத்தியவரிடம் மட்டும் பிரவுசர் கேட்கட்டும். அதே பட்டியலுக்குத் தீபாவளி வாழ்த்தும் கூட்ட அறிவிப்பும் அனுப்ப ஆரம்பிச்சா, நாலாம் நாளே அணைச்சிடுவாங்க.

செய்திக்குக் கெடு வைக்கவும் வசதி உண்டு. நாலு மணி நேரம்னு வெச்சா, அதுவரை இணையம் இல்லாத போனுக்கு வாடின கீரைக்கான செய்தி ராத்திரி போய்ச் சேராது. அனுப்பும்போது 410 என்று பதில் வந்தால் அந்த முகவரி செத்துப்போச்சு, எடுத்துடுங்க.

வாசகராக நாமும் கவனமா இருக்கணும். 'நீங்கள் ரோபோ இல்லை என்றால் அனுமதியை அழுத்தவும்' என்று சில பக்கங்கள் ஏமாற்றும். அழுத்தினால் 'போனில் வைரஸ்' என்று தினமும் பயமுறுத்தல் வரும். அப்படி மாட்டியிருந்தா குரோம் செட்டிங்ஸில் 'தள அமைப்புகள்', அதில் 'அறிவிப்புகள்' போங்க. அனுமதி வாங்கிய தளங்கள் எல்லாம் வரிசையா இருக்கும்; தெரியாத பேரைத் தொட்டுத் தடுத்துடலாம்.