ஆயிரத்தில் ஒருவன்

சென்ற வாரம் செடிகளின் தன்மகரந்தச் சேர்க்கையைப் பார்த்தோம். விலங்குகளில் அதற்கு இணையானதைத் தேடினால் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவிடம்தான் போய் நிற்க வேண்டும். அழுகிய பழத்தில் பாக்டீரியாவைத் தின்று வாழும் சி. எலிகன்ஸ் என்ற உருளைப்புழு அது. சிட்னி பிரென்னர் 1960களில் அதை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். ஒற்றைப் புழுவைத் தட்டில் விட்டால் போதும், துணையில்லாமலே குடும்பம் பெருகிவிடும்.

இந்த இனத்தில் தனிப்பெண் கிடையாது. இருபாலியும் ஆணும்தான். இருபாலி உடலமைப்பில் பெண். ஆனால் வளர்பருவத்தின் இறுதியில் ஏறத்தாழ 300 விந்தணுக்களை உண்டாக்கிச் சேமித்துக்கொள்கிறது. அதன்பின் ஆயுள் முழுக்க முட்டை மட்டுமே. விந்தணு தீர்ந்தால், முட்டை மிச்சமிருந்தும் பிள்ளைப்பேறு நின்றுவிடும். ஆணோடு கூடினால் பிள்ளைகள் ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. இரண்டு இருபாலிகள் தமக்குள் கூட முடியாது.

தன்கருவுறுதலில் ஆண் பிறப்பது ஒரு தவறால். இருபாலிக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு. அவை பங்கு பிரியும்போது பிசகி, ஒரே எக்ஸோடு பிறப்பது ஆண். ஆயிரத்தில் ஒன்றிரண்டு.

பெண் இருபாலியாக மாறுவது அவ்வளவு கடினமா? ஆண், பெண் தனித்தனியாக உள்ள சி. ரெமானெய் இனத்தில் இரண்டே ஜீன்களின் வேலையைக் குறைத்துப் பார்த்தார்கள். ஒன்றைக் குறைத்ததில் பெண்ணின் உடலில் விந்தணு உருவானது. மற்றதைக் குறைத்ததில் அது செயல்படத் தொடங்கியது. ஆணில்லாமல் பிள்ளை பிறந்தது. 2009இல் வந்த முடிவு இது. இந்தப் பேரினத்தில் எலிகன்ஸ், பிரிக்ஸே, டிராபிகாலிஸ் என மூன்று இனங்கள் தனித்தனியே இந்த வழிக்கு வந்ததில் வியப்பில்லை. புதுப் பழமொன்றில் தன்னந்தனியாக வந்து சேரும் புழுவுக்கு இதைவிட வசதி ஏது?

வசதிக்கு விலை உண்டு, அதைக் கொடுத்தது ஆண். கூடியபின் வேறு ஆண் நெருங்காதபடி துவாரத்தைப் பிசின் போன்ற அடைப்பால் மூடுவது இப்புழுக்களின் பழைய தந்திரம். எலிகன்ஸின் ஹவாய் வகை ஆண் இன்றும் அடைக்கிறது. பிரிஸ்டல் நகரின் காளான் உரத்திலிருந்து வந்த, ஆய்வுக்கூடங்கள் எல்லாம் வளர்க்கும் வகைக்கு அது மறந்துவிட்டது. தாவும் டிஎன்ஏ துண்டொன்று அடைப்புக்கான ஜீனுக்குள் புகுந்து அதைக் கெடுத்துவிட்டது. பிரிக்ஸேயின் இழப்பு இன்னும் பெரிது. அகமதாபாத் மண்ணில் கிடைத்த வகையின் மரபணுத் தொகுதியை, ஆண்-பெண் உள்ள நெருங்கிய உறவினமான நிகோனியோடு ஒப்பிட்டார்கள். நிகோனியிடம் இருக்கும் ஜீன்களில் ஆயிரக்கணக்கானவை இங்கே இல்லை. அவற்றில் சில, விந்தணுவின் மேற்பரப்பில் அமரும் சிறு புரதங்களுக்கானவை. அந்தப் புரதத்தைத் திரும்பக் கொடுத்ததும் பிரிக்ஸே ஆணின் விந்தணு போட்டியில் முன்னுக்கு வந்தது.

இவ்வளவு தேய்ந்தும் ஆண் ஏன் ஒழியவில்லை? வெறும் பிறவிப் பிசகு என்று சொல்லிவிட்டால் எனக்குத் திருப்தியில்லை. இந்தியானா பல்கலைக்கழகத்தில் லெவி மோரனும் சகாக்களும் 2011இல் வெளியிட்ட சோதனை வேறு பதில் தருகிறது. செராஷியா என்ற, புழுவைக் கொல்லும் பாக்டீரியாவை எலிகன்ஸ் புழுக்களோடு சேர்ந்தே தலைமுறை தலைமுறையாக மாறவிட்டார்கள். தன்கருவுறுதல் மட்டுமே முடிந்த கூட்டங்கள் 20 தலைமுறைக்குள் பூண்டோடு அழிந்தன. தன்கருவுறுதல், ஆணோடு கூடுவது இரண்டும் முடிந்த கூட்டங்களில் ஆணோடு கூடுவது பல மடங்கு உயர்ந்து, அப்படியே நிலைத்தது. மாறாத கிருமியோடு வளர்ந்த கூட்டங்களிலும் அது முதலில் உயர்ந்தது. ஆனால் கொஞ்ச காலத்தில் இறங்கி, தன்கருவுறுதலே மறுபடி கையோங்கியது.

(தொடரும்)