கிணற்றடியில் தொடங்குங்கள்

இலண்டனில் நகரசபையிடம் தோட்டத்துண்டு வாடகைக்கு எடுத்துப் பழகியவர்கள் புங்குடுதீவு வளவைத் துப்புரவாக்கியதும் முதலில் கேட்பது, பாத்தியை எந்தப் பக்கம் போடுவது என்பதைத்தான். முதலில் தேத்தண்ணியைக் குடியுங்கள். அது பவுசர் தண்ணியில் போட்டதா, உங்கள் கிணற்றுத் தண்ணியில் போட்டதா? தோட்டத்தின் பாதிப் படம் அந்தப் பதிலிலேயே இருக்கிறது.

அளவில் வித்தியாசம் இல்லை. அங்கே வழக்கமான முழுத்துண்டு பத்துப் பேர்ச்சஸ், ஏறக்குறைய 250 சதுர மீற்றர். எங்கள் ஒரு பரப்புத் தோட்டக் காணியும் அதே பத்துப் பேர்ச்சஸ்தான். ஏக்கருக்கு 16 பரப்பு. (வயல் பரப்பு வேறு கணக்கு, ஏக்கருக்கு 24. உறுதியைக் கவனமாகப் பாருங்கள்.) ஆனால் அங்கே போட்ட படத்தை இங்கே விரித்தால் பங்குனிக்குள் எல்லாம் கருகிவிடும்.

தீவின் அடியில் சுண்ணாம்புக்கல். அதன் இடுக்குகளில் ஊறிய மழைத்தண்ணி, பாரம் கூடிய கடல்தண்ணிக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணி ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி இருக்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. அதைத் திருப்பிப் பாருங்கள்: மோட்டரைப் போட்டு ஓரடி இறக்கினால், அடியிலிருக்கும் உவர் நாற்பதடி மேலே வரப் பார்க்கும். ஒரேயடியாக இறைக்காமல் காலையிலும் மாலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். துலா இறைத்த காலத்தில் இந்தக் கவலை அவ்வளவாக இல்லை. மனிதக் கை எவ்வளவைத்தான் இறைக்கும்?

தை மாதத்து ருசியை நம்பாதீர்கள். சோளகம் அடித்து ஓய்ந்து, மாரி தொடங்குமுன், புரட்டாசியில் ஒரு வாய் அள்ளிக் குடித்துப் பாருங்கள். அப்போதும் உவர் தட்டாவிட்டால் கிணற்றுக்குப் பக்கத்தில் சின்ன வெங்காயம் வைக்கலாம். தட்டினால் வெங்காயம், போஞ்சி, கரட் மூன்றையும் மாரித் தண்ணியோடு நிறுத்திவிடுங்கள். பீற்றூட் ஓரளவு தாங்கும். தென்னைக்குப் பயமில்லை. குளிக்கிற தண்ணி ஓடும் இடத்தில் வழக்கம்போல வாழை நிற்கட்டும். கூரைத் தண்ணியைத் தொட்டியில் பிடித்தால் அதை நாற்றுமேடைக்கென்று ஒதுக்குங்கள்; இளம் நாற்றுக்குத்தான் உப்பு முதலில் சுடும்.

அடுத்தது நிழல். இலண்டனில் வெயில் எப்போதும் தெற்கே சாய்ந்து வரும், அதனால் உயரமான பயிரை வடக்கு ஓரத்தில் வைப்பார்கள். இங்கே சித்திரைப் பிறப்பிலிருந்து ஆவணி நடுப்பகுதிவரை மதிய வெயில் தலைக்கு வடக்கேதான் நிற்கும். எங்களுக்குத் தேவை பின்னேர நிழல். சோளகக் காற்றும் தென்மேற்கிலிருந்துதான் வருகிறது. ஆகவே முருங்கை, அகத்தி, பூவரசு எல்லாம் மேற்கிலும் தெற்கிலும் போகட்டும். காற்றையும் மறிக்கும், வெயிலையும் மறைக்கும். கத்தரி, மிளகாய்ப் பாத்திகள் அவற்றுக்குக் கிழக்கே, வேர் பாயாத தூரத்தில்.

பாத்தியை மாரியில் உயர்த்துங்கள், கோடையில் தாழ்த்துங்கள். கோடையில் வரம்பு கட்டி இறைக்கும்போது தண்ணி காய்ந்து உப்பு வரம்பின் உச்சியில் வெள்ளையாய்ப் பூக்கும். அந்த உச்சியில் கன்றை நடாதீர்கள், சரிவில் நடுங்கள். குழை வெட்டிப் பரப்பினால் ஈரமும் நிற்கும், உப்பு மேலேறுவதும் குறையும். மிச்சத்தை ஐப்பசி, கார்த்திகை மழை கழுவும்.

வேலி இல்லாமல் இவ்வளவும் கட்டாக்காலி மாட்டுக்குத்தான். கிளுவையும் பூவரசுமாகக் கதியால் போட மாரித் தொடக்கம் நல்லது, தண்ணி ஊற்றாமலே துளிர்க்கும். குழையும் அதிலிருந்தே வரும். படலையைக் கிணற்றடிப் பக்கமாக வையுங்கள். எருமூட்டையைச் சுமக்கப் போவது நீங்கள்தானே.